ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவுல எத்தனை சர்க்கார்?

மக்களே, கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ எடுத்துட்டு வந்து உக்காருங்க. அரசியல் பதிவுதான், ஆனா எந்தக் கட்சிக்காகவும் ஜல்லியடிக்கிற உத்தேசம் இல்லை. படிச்சு முடிக்கும்போது எல்லாக் கட்சிக்காரங்களுக்கும் சமமா எரிச்சல் வரும்னு ஒரு நம்பிக்கை :-)

விஷயம், ஒற்றையாட்சியும் கூட்டாட்சியும். பள்ளிக்கூடத்துல குடிமையியல்னு ஒரு பாடம் இருந்துச்சே, அதுல எல்லாரும் படிச்சதுதான். நடுவுல ஒரு கோடு கிழிச்சு இந்தப் பக்கம் ஒற்றையாட்சி, உதாரணம் பிரிட்டன். அந்தப் பக்கம் கூட்டாட்சி, உதாரணம் அமெரிக்கா. இந்தியா எதுல வரும்னு கேட்டா "கூட்டாட்சி, ஆனால் ஒற்றையாட்சிச் சாயல் கொண்டது"ன்னு எழுதணும். அஞ்சு மார்க் நிச்சயம். அந்தச் சாயல் எங்க இருக்கு, யார் தலையில விழுதுன்னு பரீட்சையில யாரும் கேக்க மாட்டாங்க. எங்க ஊர்ப் பக்கத்தை வச்சே அதைப் பாத்துடலாம்னு தோணுச்சு.

ஸ்ரீவில்லிபுத்தூர்ல பஸ் ஏறினா ராஜபாளையம் பத்துப் பன்னெண்டு கிலோமீட்டர்தான். கிளம்புற இடத்துல இருந்தே கணக்கெடுப்போம். பஸ் ஸ்டாண்டு நகராட்சியோடது. பஸ், மாநில அரசோட போக்குவரத்துக் கழகம். அந்த பஸ் ஓடுற ரோடு திருமங்கலம் - கொல்லம் தேசிய நெடுஞ்சாலை (முன்னாடி 208, இப்போ 744), அது மத்திய அரசு. கூடவே வர்ற ரயில் பாதை, பொதிகை எக்ஸ்பிரஸ் போகுமே, அதுவும் மத்திய அரசு. ஆண்டாள் கோயில் நிர்வாகம் மாநிலத்தோட அறநிலையத்துறை. மாவட்டத்துக்குத் தலைநகரம் விருதுநகரா இருந்தாலும் மாவட்ட நீதிமன்றம் இருக்கிறது ஸ்ரீவில்லிபுத்தூர்ல. அங்க மாநிலச் சட்டத்தையும் மத்தியச் சட்டத்தையும் ஒரே நீதிபதிதான் விசாரிப்பார். அமெரிக்காவுல இருக்கிற மாதிரி ரெண்டு வரிசை கோர்ட்டு நமக்குக் கிடையாது. பால்கோவாவுக்கு 2019-ல் கிடைச்ச புவிசார் குறியீடு மத்திய அரசுச் சட்டப்படி வந்தது.

பஸ்ஸுல வலது பக்கம் ஜன்னலோரம் உக்காந்தா மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வரும். அந்த மலையில 1988-ல் மாநில அரசு சாம்பல் நிற அணிலுக்குச் சரணாலயம் அறிவிச்சுது. 2021 பிப்ரவரியில அதே மலை ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் ஆச்சு. அறிவிச்சது மாநிலம், பரிந்துரை பண்ண வேண்டியது மத்திய அரசோட தேசிய புலிகள் ஆணையம். மலைக்கு அந்தப் பக்கம் கேரளா, அது வேற சர்க்கார். ராஜபாளையத்துல இறங்கி ஒரு டம்ளர் தண்ணி குடிச்சா, அது மலையில இருந்து முடங்கியாறு வழியா ஆறாவது மைல் நீர்த்தேக்கத்துக்கு வந்து, நகராட்சிக் குழாய்ல வர்றது.

கிறுகிறுங்குதா? அரை மணி நேரப் பயணம்தான் இது.

இத்தனை பேர் வேலையைப் பங்கு போட்டுக்கிட்டதால மட்டும் இதைக் கூட்டாட்சின்னு சொல்லிட முடியாது. வேலையை எல்லா நாட்டுலயும்தான் பங்கு போடுறாங்க. லண்டன்ல உக்காந்துக்கிட்டே ஸ்காட்லாந்துக் குப்பையை அள்ள முடியுமா என்ன? ஒற்றையாட்சி நாட்டுலயும் கவுன்சில் இருக்கும், தேர்தல் இருக்கும், மேயர் இருப்பார். யார் எந்த வேலையைச் செய்றாங்கன்னு பாத்தா வித்தியாசமே தெரியாது. கொடுத்த அதிகாரத்தை, வாங்கினவங்களோட சம்மதம் இல்லாம திரும்ப எடுத்துக்க முடியுமான்னு பாத்தாதான் தெரியும். முடியும்னா ஒற்றையாட்சி. முடியாதுன்னா கூட்டாட்சி. என் பொழப்பு பாஷையில சொல்லணும்னா, சர்வர்ல உங்களுக்கும் ஒரு லாகின் இருக்கலாம், எல்லா ஃபைலையும் நீங்க திறக்கலாம், மாத்தலாம். ஆனா அந்த லாகினையே அழிக்கிற அட்மின் பாஸ்வேர்டு யார்கிட்ட இருக்கு?

பிரிட்டன் உதாரணம் ரொம்பத் தெளிவா இருக்கும். லண்டன் மாநகரத்துக்குப் பெரிய கவுன்சில் ஒண்ணு இருந்துச்சு, கிரேட்டர் லண்டன் கவுன்சில். 1980களில் அதுல தொழிற்கட்சி, தலைவர் கென் லிவிங்ஸ்டன். பிரதமர் மார்கரெட் தாட்சர். ஆத்துக்கு இந்தப் பக்கம் பார்லிமெண்டு, அந்தப் பக்கம் கவுன்சில் கட்டடம், ரெண்டுக்கும் ஆகாது. பார்லிமெண்டு 1985-ல் ஒரு சட்டம் போட்டுது, 1986-ல் கவுன்சிலே இல்லை. லண்டன்வாசிகள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த சபை அது. சட்டப்படி அதுல ஒரு தப்பும் இல்லை, ஏன்னா கொடுத்ததே பார்லிமெண்டுதான். வட அயர்லாந்துக்கு ஐம்பது வருஷமா இருந்த சட்டசபையையும் 1972-ல் இப்படித்தான் நிறுத்தி வச்சாங்க.

அமெரிக்காவுல இது நடக்காது. ஒரு மாநிலத்தைப் பிரிச்சு இன்னொண்ணு உண்டாக்கணும்னா அந்த மாநிலச் சட்டசபை ஒத்துக்கணும்னு அவங்க அரசியல் சட்டமே சொல்லுது. 1820-ல் மெய்ன் மாநிலம் மாசசூசெட்ஸ்ல இருந்து பிரிஞ்சப்போ மாசசூசெட்ஸ் சம்மதிச்சுதான் பிரிஞ்சுது.

இலங்கையைப் பத்திச் சொல்லாம இந்தப் பேச்சு முடியாது. 1926-லயே சிலோனுக்குச் சமஷ்டிதான் சரின்னு பேசினவர் ஒரு சிங்களத் தலைவர், எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க. பிற்பாடு தனிச்சிங்களச் சட்டம் கொண்டு வந்தவரும் அவரேதான், என்ன சொல்ல. 1949-ல் செல்வநாயகம் தமிழரசுக் கட்சி ஆரம்பிச்சார், சமஷ்டிதான் கோரிக்கை. 1972 அரசியல் சட்டம் இலங்கையை ஒற்றையாட்சி நாடுன்னு எழுதியே வச்சுது, 1978 சட்டமும் அப்படியே. 1987-ல் இந்தியாவோட ஒப்பந்தத்துக்கு அப்புறம் 13வது திருத்தம், மாகாண சபைகள் எல்லாம் வந்துச்சு. ஆனா 2019-க்குள்ள எல்லா மாகாண சபைகளோட காலமும் ஒண்ணொண்ணா முடிஞ்சுது. அதுக்கப்புறம் வருஷக்கணக்குல தேர்தலே நடக்காம, ஜனாதிபதி நியமிச்ச ஆளுநர்களே மாகாணங்களை நடத்தினாங்க. சபையைக் கலைக்கக்கூட இல்லை, தேர்தல் வைக்காம விட்டாங்க, அவ்வளவுதான். இதை மனசுல வச்சுக்கங்க. கடைசியில தேவைப்படும்.

சரி, இப்போ நம்ம கதை. இதுக்கு எங்க ஊர்க்காரர் ஒருத்தரைக் கூப்பிட வேண்டியிருக்கு. பி.எஸ். குமாரசாமி ராஜா. ராஜபாளையத்துல காந்தி கலை மன்றம் பாத்திருப்பீங்க, அது அவர் கொடுத்த வீடு. 1949 ஏப்ரல்ல அவர் சென்னை மாகாணத்தோட பிரதமர் ஆனார். ஆமா, அப்போ மாகாணத் தலைவருக்கும் பிரதமர்னுதான் பேரு, வெள்ளைக்காரன் போட்ட 1935 சட்டப்படி. 1950 ஜனவரி 26-ல் குடியரசு வந்ததும், அதே ஆளு, அதே நாற்காலி, பேரு முதலமைச்சர்னு மாறுச்சு. அதாவது புது அரசியல் சட்டத்துக்குக் கீழ சென்னை மாநிலத்தோட முதல் முதலமைச்சர் ராஜபாளையத்துக்காரர்.

அவர் காலத்துலயே அட்மின் பாஸ்வேர்டு எங்க இருக்குன்னு தெரிஞ்சு போச்சு. ரெண்டு விஷயம்.

முதலாவது வகுப்புவாரி அரசாணை. கல்லூரி இடங்களைச் சமூகவாரியாப் பிரிச்சுக் கொடுக்கிற ஏற்பாடு நீதிக்கட்சி காலத்துல இருந்து இங்க இருந்துச்சு. புது அரசியல் சட்டத்துக்கு அது முரண்னு சொல்லி 1950-ல் சென்னை உயர்நீதிமன்றமும், 1951 ஏப்ரல்ல உச்சநீதிமன்றமும் செல்லாதுன்னு தீர்ப்பு சொல்லிட்டாங்க. செண்பகம் துரைராஜன் வழக்கு. சென்னை மாநிலத்தால அதை நேராக்கவே முடியாது. தமிழ்நாடு முழுக்கப் போராட்டம். கடைசியில 1951 ஜூன்ல பார்லிமெண்டு அரசியல் சட்டத்தையே முதல் தடவையா திருத்துச்சு. கேட்டது சென்னை, கொடுத்தது டெல்லி. நல்லபடியா முடிஞ்சுதான், இருந்தாலும் திசையைக் கவனிங்க.

ரெண்டாவது ஆந்திரா. சென்னை மாநிலத்துல இருந்து தெலுங்குப் பகுதியைப் பிரிக்கிறது பத்தி ஆராய ஒரு குழு போட்டாங்க, தலைவர் குமாரசாமி ராஜா. வீட்டுல தெலுங்கு பேசுற ராஜபாளையத்து ராஜுக்கள் சமூகத்துக்காரர், தமிழ்ப்பகுதித் தலைவர், ஆந்திராவைப் பிரிக்கிற குழுவுக்கும் அவரே தலைவர். இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்காது! சென்னைப் பட்டணம் யாருக்குங்கிறதுல பிரகாசம் ஒத்துக்கலை, விஷயம் நின்னு போச்சு. பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பர்ல உண்ணாவிரதத்துல இறந்த பிறகு, 1953 அக்டோபர் 1-ல் ஆந்திரா பிறந்துச்சு. பார்லிமெண்டு சட்டம் போட்டுப் பிரிச்சுது.

இங்கதான் நம்ம அரசியல் சட்டத்தோட 3வது பிரிவு வருது. ஒரு மாநிலத்தைப் பிரிக்க, சேக்க, எல்லையை மாத்த, பேரை மாத்த பார்லிமெண்டால முடியும், சாதாரணப் பெரும்பான்மை போதும். சம்பந்தப்பட்ட சட்டசபையோட கருத்தைக் கேக்கணும். கேட்டா போதும், கேட்டபடி நடக்கணும்னு இல்லை. 2014 ஜனவரியில ஆந்திரச் சட்டசபை தெலங்கானா மசோதாவை வேண்டாம்னு நிராகரிச்சுது. அடுத்த மாசமே பார்லிமெண்டு நிறைவேத்திடுச்சு. 2019-ல் ஜம்மு காஷ்மீர் மாநிலமே ரெண்டு யூனியன் பிரதேசமா மாறுச்சு. அப்போ அங்க சட்டசபையே கிடையாது, கலைஞ்சு கிடந்துச்சு. அது சொல்ல வேண்டிய கருத்தையும் பார்லிமெண்டே சொல்லிக்கிச்சு. மாசசூசெட்ஸ்காரன் கேட்டா மயங்கி விழுவான்.

அதிகாரப் பட்டியலும் அப்படித்தான். பஸ் ஜன்னல்ல தெரிஞ்ச மலையையே எடுத்துக்கங்க. காடும் காட்டு விலங்கும் முதல்ல மாநிலப் பட்டியல்ல இருந்துச்சு. அதனால 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் போடும்போது, பல மாநிலச் சட்டசபைகள் "எங்களுக்காகச் சட்டம் போடுங்க"ன்னு தீர்மானம் போட்டுக் கொடுத்த பிறகுதான் பார்லிமெண்டால போட முடிஞ்சுது. நாலு வருஷம் கழிச்சு, எமர்ஜென்சியில, 42வது திருத்தம். காடு, வனவிலங்கு, கல்வி எல்லாம் பொதுப்பட்டியலுக்குப் போயிடுச்சு. அதுக்கப்புறம் தீர்மானமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். 1980-ல் இருந்து காட்டு நிலத்தை வேற வேலைக்கு எடுக்கணும்னா மாநிலம் டெல்லிகிட்ட முன் அனுமதி வாங்கணும். மலை அங்கயேதான் இருக்கு. பட்டியல்தான் நகர்ந்துச்சு. இன்னைக்கு நீட் தேர்வு பத்தி நாம போடுற சண்டைக்கும் அந்த 1976-தான் அடி. இந்தத் திருத்தத்துக்குப் பாதி மாநிலங்களோட ஒப்புதல் வேணும்தான், அந்த அளவுக்குக் கூட்டாட்சி. ஆனா அதே 1976-ல் ஜனவரி 31-ம் தேதியே தமிழ்நாட்டு ஆட்சியைக் கலைச்சுட்டாங்க. திருத்தம் வந்தப்போ எதிர்த்து நிக்க இங்க சட்டசபையே இல்லை.

இதையெல்லாம் பாத்துட்டு "அப்போ ஒற்றையாட்சி கெட்டது, கூட்டாட்சி நல்லது"ன்னு முடிச்சுட்டா வேலை சுலபம். ஆனா அந்தப் பக்கத்து நியாயத்தையும் சொல்லணும்ல.

3வது பிரிவு மட்டும் அமெரிக்கா மாதிரி இருந்திருந்தா, ஆந்திரா பிரியறதுக்குச் சென்னைச் சட்டசபையோட சம்மதம் வேணும். பட்டணத்தை வச்சுச் சண்டை போட்டே இன்னும் பல வருஷம் ஓடியிருக்கும். 1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரியும் செங்கோட்டையும் நம்ம பக்கம் வந்துச்சே, திருவிதாங்கூர் - கொச்சி சட்டசபை "சரி, எடுத்துக்கங்க"ன்னு சொல்லியிருக்குமா? பொதிகை எக்ஸ்பிரஸ் இன்னைக்குத் தமிழ்நாட்டுக்குள்ளயே செங்கோட்டை வரைக்கும் போறதுக்குக் காரணம் டெல்லி கையில இருந்த அந்தக் கத்திரிதான். ஒரே கத்திரி. தனக்கு வேண்டிய இடத்துல வெட்டினா நியாயம், வேண்டாத இடத்துல வெட்டினா அநியாயம்.

தண்ணியும் அப்படித்தான். எங்க மாவட்டத்து வைப்பாறு பத்தித் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், அது ஆறுங்கிறதைவிட மணல் பாதை. கேரளத்துப் பம்பை, அச்சன்கோவில் ஆறுகள்ல இருந்து மலையைக் குடைஞ்சு வைப்பாத்துக்குத் தண்ணி கொண்டு வர ஒரு திட்டம் தேசிய நீர்வள மேம்பாட்டு முகமையோட காகிதத்துல 1990கள்ல இருந்து இருக்கு. கேரளா முடியாதுங்குது. இந்தியா முழு ஒற்றையாட்சியா இருந்திருந்தா ஒரு உத்தரவு போதும், தண்ணி வந்திருக்கும். எங்க ஊர்ல உக்காந்து யோசிச்சா ஒற்றையாட்சி எவ்வளவு இனிக்குது பாருங்க. ஆனா அப்படி ஒரு உத்தரவு போட முடிஞ்ச ஆளு, நாளைக்கு முடங்கியாத்துத் தண்ணியையும் வேற எங்கயோ திருப்பி விடுவான். அப்போ "முடியாது"ன்னு சொல்ல நமக்கும் இடமிருக்காது. கேரளாவோட "முடியாது"தான் நம்ம "முடியாது"க்கும் காவல். கூட்டாட்சியில இந்த விலையைக் கொடுத்துதான் ஆகணும்.

பணத்துக்கு வருவோம். ராஜபாளையம் பக்கத்துல சத்திரப்பட்டி. ஆஸ்பத்திரிக்குப் போற பேண்டேஜ் துணி நெய்யுற ஊரு. விற்பனை வரிங்கிறது அந்தக் காலத்துல இருந்தே மாநிலத்தோட சொத்து. 1939-ல் ராஜாஜி கொண்டு வந்தது, அரசியல் சட்டத்துலயும் மாநிலப் பட்டியல்லயே வச்சாங்க. 2017 ஜூலை 1-ல் இருந்து அது ஜி.எஸ்.டி.க்குள்ள போயிடுச்சு. பேண்டேஜுக்கு 12 சதவீதம் இருந்தது, 2025 செப்டம்பர் 22-ல் 5 ஆச்சு. நல்லதுதான். ஆனா இந்த ரெண்டு நம்பரையும் சென்னைக் கோட்டையில உக்காந்து முடிவு பண்ண முடியாது. கவுன்சில்ல ஓட்டுக் கணக்கு இப்படி: மத்திய அரசுக்கு மூணுல ஒரு பங்கு, எல்லா மாநிலத்துக்கும் சேத்து மூணுல ரெண்டு பங்கு. தீர்மானம் நிறைவேற நாலுல மூணு பங்கு வேணும். கணக்குப் போட்டுப் பாருங்க. எல்லா மாநிலமும் ஒண்ணா நின்னாலும் 66 சொச்சம்தான், 75 வராது. மத்திய அரசு வேண்டாம்னா வேண்டாம்தான். மத்திய அரசு தனியா எதையும் கொண்டு வரவும் முடியாதுதான், பாதிக்கு மேல மாநிலங்கள் கூட வரணும். ஆனா தடுக்கிறதுக்குத் தனியா ஒரே ஆளு போதும்ங்கிற வசதி ஒருத்தருக்கு மட்டும்தான்.

இவ்வளவு தூரம் தலையாட்டிக்கிட்டே வந்த தமிழ் உணர்வாளர்களே, இனிமேதான் உங்க பக்கம் வர்றேன் :-)

தமிழ்நாடு இந்த விஷயத்துல மத்த மாநிலங்களுக்கு முன்னோடி. சந்தேகமே இல்லை. 1969-ல் ராஜமன்னார் குழு போட்டது இங்கதான். 1974-ல் மாநில சுயாட்சித் தீர்மானம் போட்டது இங்கதான். 2025 ஏப்ரல்ல நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில மறுபடி ஒரு குழு. "மத்திய அரசு"ன்னு சொல்லாதீங்க, "ஒன்றிய அரசு"ன்னு சொல்லுங்கன்னு திருத்துறதும் இங்கதான். சரி. இப்போ அதே கேள்வியை ஒரு படி கீழ இறக்குவோம். ராஜபாளையம் நகராட்சிக்குக் கொடுத்த அதிகாரத்தைச் சென்னையால அதோட சம்மதம் இல்லாம திரும்ப எடுக்க முடியுமா?

முடியும். தாராளமா.

எங்க மாவட்டத்தையே பாருங்க. முதல்ல ராமநாதபுரம். 1985 மார்ச்சுல பிரிச்சுக் காமராஜர் மாவட்டம். 1997-ல் தலைவர்கள் பேரெல்லாம் எடுத்தப்போ விருதுநகர் மாவட்டம். பிரிச்சது நல்லதா கெட்டதாங்கிறது வேற பேச்சு. முடிவு எடுத்தது முழுக்கச் சென்னை. டெல்லிக்காவது மாநிலச் சட்டசபைகிட்ட கருத்துக் கேக்கணும்னு ஒரு சம்பிரதாயம் இருக்கு. மாவட்டத்துக்கு அதுகூட இல்லை.

2011 கணக்குப்படி ராஜபாளையத்துல 1,30,442 பேர், ஸ்ரீவில்லிபுத்தூர்ல 75,396 பேர். ரெண்டு ஊரையும் சேத்தா ரெண்டு லட்சத்துக்கு மேல. 1993-ல் நடைமுறைக்கு வந்த 74வது திருத்தம் நகராட்சிகளுக்கு அரசியல் சட்டத்துலயே இடம் கொடுத்துச்சு. அஞ்சு வருஷம் முடியறதுக்குள்ள தேர்தல் நடக்கணும்னு கறாரா எழுதியிருக்கு. தண்ணி, ரோடு, தெருவிளக்குன்னு 18 விஷயம் பட்டியல் போட்டிருக்கு. ஆனா அந்த அதிகாரங்களை மாநிலம் நகராட்சிக்குக் "கொடுக்கலாம்"னுதான் இருக்கு, "கொடுக்கணும்"னு இல்லை. ஒரே ஒரு வினைச்சொல், மொத்த உள்குத்தும் அதுலதான்.

நடந்தது என்ன? 2011-ல் தேர்ந்தெடுத்த நகராட்சி மன்றங்களோட காலம் 2016 அக்டோபர்ல முடிஞ்சுது. அறிவிச்ச தேர்தலை உயர்நீதிமன்றம் ரத்து பண்ணுச்சு. இடஒதுக்கீடு சரியில்லை, வார்டு வரையறை முடியலைன்னு அடுத்தடுத்து காரணம். தமிழ்நாட்டு நகராட்சிகளுக்குத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19. நடுவுல அஞ்சு வருஷத்துக்கு மேல, அதாவது ஒரு முழு மன்றத்தோட ஆயுள், சேர்மன் இல்லை, கவுன்சிலர் இல்லை. மாநில அரசு போட்ட தனி அலுவலர்கள்தான். அந்தக் காலத்துல ரெண்டு கட்சியும் ஆட்சியில இருந்துச்சு, அதனால யாரும் யாரையும் பாத்துச் சிரிக்க வேண்டாம். இதுக்கு முன்னாடியும் இப்படித்தான். 1986-ல் தேர்தல், அடுத்தது 1996-ல்.

இலங்கை மாகாண சபைகளை மனசுல வச்சுக்கச் சொன்னேன்ல? கலைக்கவே வேண்டாம், தேர்தல் வைக்காம விட்டா போதும். கொழும்பு யாழ்ப்பாணத்துக்குச் செஞ்சா அநியாயம்னு இங்க கொதிக்கிறோம். கொதிக்கணும்தான். சென்னை ராஜபாளையத்துக்குச் செஞ்சப்போ எத்தனை பேருக்குத் தெரிஞ்சுது? அளவு வேற, வலி வேற, ஒத்துக்கிறேன். அங்க போர், இங்க தெருவிளக்கு. ஆனா உத்தி ஒண்ணுதான்.

"நகராட்சிக்கெல்லாம் அதிகாரம் கொடுத்தா கொள்ளையடிச்சுடுவாங்க"ன்னு சொல்லுவீங்க. இருக்கலாம். ஆனா டெல்லிக்காரர்கள் மாநிலங்களைப் பத்தி இதே வாக்கியத்தைத்தான் எழுபது வருஷமா சொல்லிட்டிருக்காங்க. மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவுல 1996-ல் இருந்து மாநிலத் திட்ட நிதியில மூணுல ஒரு பங்குக்கு மேல உள்ளாட்சிகளுக்குப் பிரிச்சுக் கொடுத்தாங்க. மலை இடிஞ்சு விழுந்துடலை.

இதுல நமக்கு என்ன நட்டம்னு கேட்டா, மறுபடி குமாரசாமி ராஜாகிட்டதான் போகணும். 1952 பொதுத்தேர்தல். உணவுத் தட்டுப்பாடு, ரேஷன், மழை பொய்ச்ச வருஷங்கள். அரிசிக்கு வழியில்லாததுக்கு அவர் மட்டும் காரணமில்லை. மழை அவர் கையில இல்லை, வெளிநாட்டுல இருந்து தானியம் இறக்குமதி பண்றது டெல்லி கையில. ஆனாலும் முதலமைச்சர் அவர்தானே. ஸ்ரீவில்லிபுத்தூர்ல நின்னார், தோத்தார். பக்கத்து ஊர்க்காரங்களே, "நம்ம ராஜபாளையத்துக்காரர், ராஜ்யத்துக்கே முதலமைச்சர்"னு பாக்காம வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. சென்னை மாநிலம் முழுக்கவே 375 இடத்துல காங்கிரசுக்கு 152தான் கிடைச்சுது. தேர்தல்லயே நிக்காத ராஜாஜியை மேலவைக்கு நியமிச்சு முதலமைச்சர் ஆக்கினாங்க. குமாரசாமி ராஜாவை 1954-ல் ஒரிசாவுக்கு கவர்னரா அனுப்பினாங்க. ஜனங்க இறக்கி விட்டவரை டெல்லி வேற மாநிலத்துல ஏத்தி விட்டுச்சு. அவர் நல்ல மனுஷர், அதுல கேள்வியே இல்லை. ஏற்பாடு எப்படின்னு பாருங்க.

நான் கவனிக்கிறது அந்தத் தோல்வியைத்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் ஜனங்களுக்குப் பசிச்சுது, கோபம் வந்துச்சு, கோபத்தைக் காட்ட எதிர்ல ஒரு ஆள் இருந்தார். சரியோ தப்போ, அவரை இறக்க முடிஞ்சுது. 2016-ல் இருந்து 2022 வரைக்கும் அதே ஊர்ல தண்ணி வரலைன்னா, லைட் எரியலைன்னா, இறக்கி விட யார் இருந்தாங்க? தனி அலுவலரை யாரும் ஓட்டுப் போட்டுத் தோக்கடிக்க முடியாது. மனு கொடுக்கலாம், அவ்வளவுதான். எங்க அம்மா அடிக்கடி கேக்குற கேள்வி ஒண்ணு உண்டு: "இதை யாருகிட்டடா போய்ச் சொல்றது?" கூட்டாட்சி பத்தி எத்தனை பக்கம் படிச்சாலும் சாரம் இந்த ஒரு வரிதான். பதில் சொல்ல வேண்டியவர் எவ்வளவு பக்கத்துல இருக்கார், அவரை நாம இறக்க முடியுமா, அவரை நமக்கு மேல இருக்கிற வேற யாரும் இறக்காம இருக்காங்களா.

தமிழ்நாடு அரசு முத்திரை ஞாபகமிருக்கா? நடுவுல கோபுரம், முன்னாடி நாலு சிங்கத் தூண், ரெண்டு பக்கமும் தேசியக் கொடி. அந்தக் கோபுரம் ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம்தான்னு எங்க பக்கம் அடிச்சுச் சொல்லுவாங்க. மதுரைக்காரங்க மீனாட்சி கோயில் மேற்குக் கோபுரம்பாங்க. அந்தச் சண்டைக்கு நான் வரலை. ஆனா எந்தக் கோபுரமா இருந்தாலும், சிங்கத்துக்குப் பின்னாடி அது நிமிந்து நிக்கணும்னு நாம கேக்குறது நியாயமான கேள்வி. அதே கேள்வியை, கோபுரம் இருக்கிற ஊர் நகராட்சியும் சென்னையைப் பாத்துக் கேக்கும். அப்போ நம்ம பதில் என்னவா இருக்கும்?

மாநில சுயாட்சின்னு அடுத்த தடவை யாராவது மேடையில பேசினா கை தட்டுங்க, நானும் தட்டுவேன். தட்டி முடிச்சுட்டு, "உங்க ஆட்சியில உள்ளாட்சித் தேர்தல் நாள் தள்ளாம நடந்துச்சா அண்ணாச்சி?"ன்னு ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க.

உங்க ஊர்ல 2016-22 காலத்துல எப்படி இருந்துச்சுன்னு எழுதுங்க மக்களே. படிக்கக் காத்திருக்கேன்.